கோடு கிழித்த நகரம்: சிங்கப்பூரில் இனக் குடியிருப்புகள் பிரிந்ததும் கலந்ததும்

சிங்கப்பூரின் பழைய நகர்ப்பகுதியில் அரபுத் தெரு, பூகிஸ் தெரு, சூலியா தெரு என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. இப்பெயர்களைத் தாங்கிய தெருக்களில் இன்று அரபியரோ, பூகிஸ் மாலுமிகளோ, சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் முன்னோரின் வழித்தோன்றல்களோ கூட்டமாக வாழவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் தீவெங்கும் எழுந்த அடுக்குமாடிகளில், சீனரும் மலாயரும் தமிழரும் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் வாழ்கின்றனர். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதற்கு எவர் விலை கொடுத்தனர் என்பதை ஆராய்வது வெறும் வரலாற்று ஆர்வம் அன்று. பல இனத்தார் வாழும் நகரங்களில் இனவாரியான குடியிருப்புகள் ஏன் கலையாமல் நிற்கின்றன என்னும் கேள்விக்கு, இச்சிறு தீவின் இருநூறாண்டு வரலாறு ஓரளவு தெளிவான விடையைத் தருகின்றது.

கூஃபாவும் ஃபுஸ்தாத்தும்

குலவாரியாகவோ இனவாரியாகவோ குடியிருப்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த வழக்கமன்று. இஸ்லாமிய வரலாற்றின் முதல் நகரங்களே இதற்குச் சான்று. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், கி.பி. 638 அளவில், ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் கூஃபா நகரை அமைத்தபோது, நடுவில் பள்ளிவாசலும் ஆளுநர் இல்லமும் இருக்க, சுற்றிலும் ஒவ்வொரு குலத்தாருக்கும் தனித்தனி நிலப்பகுதி வகுக்கப்பட்டது. படையணி குலவாரியாக இருந்தமையால் பாசறையும் அவ்வாறே அமைந்தது. பாசறையே பின்னர் நகரமாயிற்று. எகிப்தில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நிறுவிய ஃபுஸ்தாத்திலும் இதுவே முறை. எனினும் அங்கே குறிப்பிடத்தக்க ஒரு விதிவிலக்கு இருந்தது. தனிக்கொடி பிடிக்கும் அளவுக்கு எண்ணிக்கை இல்லாத பல குலத்தார் ஒரே கொடியின் கீழ்த் திரட்டப்பட்டு, பள்ளிவாசலைச் சூழ்ந்த பகுதியில் குடியமர்ந்தனர். ‘அஹ்லுர் ராயா’, அதாவது கொடிக்குரியோர் என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். நகரின் நடுப்பகுதியே கலப்புக் குடியிருப்பாக விளங்கியது.

கூஃபாவின் பிற்கால வரலாறும் நினைவிற்கொள்ளத் தக்கது. கி.பி. 670இல் ஆளுநர் ஸியாத், அதுவரை ஏழு பிரிவுகளாக இருந்த மக்களை நான்கு பிரிவுகளாக மாற்றியமைத்து, வெவ்வேறு குலத்தாரை ஒரே பிரிவில் சேர்த்தார். குலத் தலைவர்களின் செல்வாக்கைக் குறைத்து ஆட்சியின் பிடியை இறுக்குவதே அவர் நோக்கம். ஆக, மக்களைப் பிரித்து வைப்பதும் அரசின் கருவியாகலாம். கலந்து வைப்பதும் அரசின் கருவியாகலாம். சிங்கப்பூரின் வரலாற்றைப் படிக்கும்போது இவ்விரண்டையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

1822ஆம் ஆண்டின் திட்டம்

1819இல் சிங்கப்பூரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தலத்தை நிறுவிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், 1822இன் பிற்பகுதியில் திரும்பிவந்து, நகரின் வளர்ச்சி ஒழுங்கற்றிருப்பதாகக் கருதினார். நகரமைப்புக் குழு ஒன்றை நியமித்து, எந்த இனத்தார் எங்கே குடியிருக்க வேண்டும் என்று எழுத்தில் கட்டளையிட்டார். லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் அதை வரைபடமாக்கினார். ஆற்றின் வடகரையில் அரசுக் கட்டடங்கள். அவற்றையடுத்து ஐரோப்பியர் நகரம். அதற்கப்பால் அரபியர் கம்போங், சுல்தான் ஹுசைனின் கம்போங் கிளாம், பூகிஸ் கம்போங். ஆற்றின் தென்கரையில் சீனர் கம்போங். அதே கரையில் ஆற்றின் மேற்பகுதியில் சூலியா கம்போங் என நகரம் கூறுபோடப்பட்டது. சீனருள்ளேயே வெவ்வேறு மாநிலத்தாரைத் தனித்தனியே அமர்த்தவும் எண்ணம் இருந்தது. துமெங்கோங்கின் மலாய்க் குடிகள் ஆற்றங்கரையிலிருந்து தெலுக் பிளாங்காவுக்கு அனுப்பப்பட்டனர்.

சூலியர் என்றால் யார் என்று நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து மலாக்கா நீரிணைக்குக் கப்பலோட்டிய தமிழ் முஸ்லிம் வணிகரும் அவருடன் சென்ற தொழிலாளருமே அவர்கள்.

வரைபடத்தின் கோடுகள் நிலத்தில் முழுமையாக விழவில்லை என்பதற்கு அவர்கள் கட்டிய பள்ளிவாசல்களே சான்று. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826 அளவில் தொடங்கப்பெற்ற ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயர் தெருவில் 1827இல் ஓலைக் குடிசையாகத் தோன்றிக் குச்சுப்பள்ளி எனப் பெயர்பெற்ற அல்அப்ரார் பள்ளிவாசல், அதே தெருவில் 1828 முதல் 1830 வரை எழுப்பப்பெற்ற நாகூர் தர்கா ஆகிய மூன்றும் சூலியா கம்போங்குக்கென ஒதுக்கிய இடத்தில் இல்லை. இன்று சைனா டவுன் என்று வழங்கும் பகுதியிலும் அதை ஒட்டிய கடற்கரைத் தெருவிலும் அவை நிற்கின்றன. ஜாமிஆ பள்ளிக்கு அருகில் மாரியம்மன் கோயில். தெலுக் ஆயரில் சீனரின் தியான் ஹோக் கெங் கோயில். கடற்கரையில் சரக்கு ஏற்றியிறக்கியோருக்கும் நாணயம் மாற்றியோருக்கும் தொழிலிடத்தின் அருகே குடியிருப்பது தேவையாயிற்று. கட்டளையை விடப் பிழைப்பு வலியது.

ஆணை நீங்கிய பின்னும் நின்ற எல்லைகள்

எல்லைகள் இவ்வாறு நெகிழ்ந்தன எனினும் பிரிவினை நீங்கவில்லை. ராஃபிள்ஸின் கட்டளை நடைமுறையில் மறக்கப்பட்ட பின்னரும், நூறாண்டுகளுக்கு மேலாகச் சீனர் சீனரோடும் மலாயர் மலாயரோடும் வாழ்ந்தனர். இதற்குக் காரணம் எளிது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குவோனுக்கு முதலில் வேண்டியவை படுக்க இடம், வேலை, கடன், நோயுற்றால் கவனிக்க ஆள், இறந்தால் அடக்க நால்வர். இவை யாவற்றையும் தந்தவர் ஊர்க்காரரே. அரசு தராத காப்பீட்டை அண்டைவீடு தந்தது.

கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து சென்ற முஸ்லிம்களின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நெசவு நலிந்த காலத்தில் கடல்கடந்த இவர்கள், குடும்பத்தோடு குடிபெயர்ந்தமையால் ஏனைய தமிழ்க் குடியேறிகளினும் வேறுபட்டனர். துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் இவர்களது வாழ்விடமாயிற்று. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தோன்றியது. அவ்வமைப்பு 1946இல் நிறுவிய தமிழ்ப் பள்ளிக்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயர் சூட்டப்பெற்றது. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. ஓர் இனக் குடியிருப்பு தன் மக்களுக்கு என்னென்ன தரவல்லது என்பதற்கு அப்பள்ளியே சான்று. மொழியும் மார்க்கமும் ஊர்ப்பற்றும் ஒரே தெருவில் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இனவாரிக் குடியிருப்பு என்பதை முற்றிலும் தீமை எனக் கூறிவிடுவோர் இந்நன்மையை மறந்துவிடுகின்றனர்.

ஆயின் அதன் மறுபக்கமும் உண்டு. பர்மாவிலும் ஜாவாவிலும் இத்தகைய சமுதாயங்களை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் ஃபர்னிவால், இவ்வினத்தார் சந்தையில் மட்டுமே சந்திக்கின்றனர், ஒரே நாட்டில் வாழ்ந்தும் ஒரே சமுதாயமாகவில்லை என்னும் கருத்தை முன்வைத்தார். அறியாதவனைப் பற்றிய எச்செய்தியும் நம்பத் தக்கதாகிவிடும். சிங்கப்பூரில் அது 1964 ஜூலை 21 அன்று வெளிப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாயருக்கும் சீனருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் மூண்டபோது மேலும் 13 பேர் மாண்டனர். அரசியல் பகைமையே தீயை மூட்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தத் தெரு எவருடையது என்று அனைவரும் அறிந்திருந்த நகரில் அத்தீ பரவுவது எளிதாயிற்று. ரஹ்மத்தாக அனுப்பப்பெற்ற பெருமானாரின் பிறந்தநாளிலேயே அண்டை இனத்தார் ஒருவரையொருவர் கொன்ற துயரம், பின்வந்த ஆட்சியாளரின் எண்ணத்தில் ஆழப் பதிந்தது.

வீடு மாறியும் பழக்கம் மாறவில்லை

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தோன்றியது. மறு ஆண்டு மே மாதத்தில் புக்கிட் ஹோ சுவீயில் நேர்ந்த பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றோராக்க, அடுக்குமாடிக் கட்டுமானம் விரைவுபெற்றது. 1966ஆம் ஆண்டின் நிலக் கையகச் சட்டம் கம்போங் நிலங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தது. 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடு வாங்க வழி பிறந்தது. இருபது ஆண்டுகளில் மக்களுள் பெரும்பான்மையோர் பழைய குடிசைகளையும் நெரிசல்மிக்க கடைவீடுகளையும் விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். முன்பதிவு வரிசையில் வீடு ஒதுக்கப்பட்டதால், தொடக்கத்தில் இனங்கள் தாமாகவே ஓரளவு கலந்தன.

இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு வியப்பைத் தருகின்றது. 1971 முதல் வீடுகளை மறுவிற்பனை செய்ய அனுமதி கிடைத்தது. எவரும் எங்கும் வாங்கலாம். எந்தத் தடையும் இல்லை. அவ்வாறிருந்தும் 1980களின் இறுதியில் பிடோக், தெம்பனிஸ் பகுதிகளில் மலாயரின் விகிதம் 30 விழுக்காட்டைக் கடந்தது; ஹவ்காங்கில் சீனர் 90 விழுக்காட்டைக் கடந்தனர். கிழக்குப் பகுதி கேலாங் சராய் போன்ற பழைய மலாய்க் குடியிருப்புகளுக்கு அண்மையது. ஹவ்காங் பழைய தியோச்சூ சீனர் வட்டாரம். பெற்றோர், உற்றார், பள்ளிவாசல், கோயில், பழகிய சந்தை ஆகியவற்றை நாடி மக்கள் சிறிது சிறிதாக நகர்ந்தனர். எவரும் கட்டளையிடாமலேயே ராஃபிள்ஸின் வரைபடம் புதிய கட்டடங்களில் மீண்டும் வரையப்படலாயிற்று.

இதன் இயக்கத்தை அமெரிக்கப் பொருளியலறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் ஒரு சதுரங்கப் பலகையையும் இருவகைக் காசுகளையும் போன்ற எளிய மாதிரியால் விளக்கினார். அயலார் மீது எவ்வித வெறுப்பும் இல்லாதோர்கூட, தம் அண்டையில் தம்மவர் மிகக் குறைந்துவிடக் கூடாது என்று மட்டும் விரும்பினால் போதும். ஒருவர் வெளியேற, அவரால் மற்றொருவர் சிறுபான்மையாகி வெளியேற, இறுதியில் எவரும் விரும்பாத அளவுக்கு முழுப் பிரிவினை விளைந்துவிடும். தனிமனிதரின் மிதமான விருப்பம், ஊரளவில் கடுமையான எல்லையாகிவிடுகின்றது.

ஷெல்லிங்கின் சொந்த நாட்டில் பிரிவினைக்கு வெறுப்பும் சட்டமும் துணைநின்றன. கருப்பருக்கு விற்கலாகாது என்று நிலப்பத்திரங்களிலேயே எழுதி வைத்தனர். பின்னாளில் மால்கம் எக்ஸ் என்றும் அல்ஹாஜ் மாலிக் ஷாபாஸ் என்றும் உலகறிந்தவரின் பெற்றோர், 1929இல் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் வாங்கிய வீட்டிலிருந்து அத்தகைய பத்திர விதியைக் காட்டி வெளியேறுமாறு நீதிமன்றத்தால் ஆணையிடப்பட்டனர். அவ்வாண்டே அவ்வீடு தீக்கிரையாயிற்று. 1930களில் அரசு நிறுவனமே கருப்பர் வாழும் வட்டாரங்களை வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்டு, கடனுக்குத் தகுதியற்றவை எனத் தரம் பிரித்தது. அத்தகைய பத்திர விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என 1948இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968இல் வீட்டு வசதியில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆனால் ஒரு தலைமுறை வீடு வாங்க இயலாமற் போனதால் அடுத்த தலைமுறைக்குச் சொத்தில்லை. சொத்தில்லாததால் நல்ல வட்டாரத்தில் வீடில்லை. பள்ளிக்கூடங்களின் நிதி உள்ளூர்ச் சொத்துவரியைப் பெரிதும் சார்ந்திருந்ததால் கல்வியும் குன்றியது. எனவே அந்நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் பழைய எல்லைகள் இன்றும் கண்ணுக்குப் புலனாகின்றன. தடையை நீக்குவது இன்றியமையாதது; ஆனால் அதுமட்டும் போதாது என்பதே அமெரிக்காவும் 1971க்குப் பிந்திய சிங்கப்பூரும் ஒருசேரக் கற்பிக்கும் பாடம்.

1989ஆம் ஆண்டின் விதி

1989 மார்ச் 1 முதல் சிங்கப்பூர் அரசு இன ஒருங்கிணைப்புக் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. ஒரு வட்டாரத்தில் சீனர் 84, மலாயர் 22, இந்தியரும் ஏனையோரும் 10 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. ஒரு கட்டடத்தில் இவ்வரம்பு முறையே 87, 25, 13. இந்தியர் வரம்பு 2010இல் 12 ஆகவும் 15 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஏற்கெனவே வரம்பைக் கடந்த இடங்களில் எவரும் வெளியேற்றப்படவில்லை. இனிமேல் விற்பனை நிகழும்போது, விற்பவரும் வாங்குபவரும் ஒரே இனத்தவராயின் தடையில்லை. வேற்றினத்தாரின் வீட்டை வாங்கி வரம்பை மேலும் மீறுவதே தடுக்கப்பட்டது. மக்களுள் ஐந்தில் நால்வர் அளவுக்கு அரசு அடுக்குமாடிகளில் வாழ்ந்தமையால் இவ்விதி நாடு முழுவதையும் தழுவியது. பணக்காரர் மட்டும் விலகிச் சென்று புதிய தனிக்குடியிருப்பை ஆக்கிக்கொள்ளும் வழி பெருமளவு அடைபட்டது. ஏனைய நாடுகளுக்கு இல்லாத வசதி இது.

இதன் விலை யாது? கணக்கிட்டுப் பார்த்தால், சுமை சிறுபான்மையர் தலையிலேயே மிகுதியாக விழுகின்றது. ஒரு கட்டடத்தில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால், அங்குள்ள தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினரான சீனரை நீக்கிவிட்டு, எஞ்சிய கால்பங்கினருள்ளேயே வாங்குவோரைத் தேட வேண்டும். வீடு நெடுநாள் விற்காமல் நிற்கும், விலையும் குறையும். ஒற்றுமையின் பயன் அனைவர்க்கும் உரியது. அதன் செலவு சிலருக்கு மட்டும் உரியது. 2021இல் நாடாளுமன்ற விவாதத்தில் இக்குறை வெளிப்படையாகப் பேசப்பட்டது. இதனால் விற்க இயலாது தவிப்போரின் வீடுகளை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் அரசு அறிவித்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் தாழ்ந்து வந்த நீதி எனினும் வரவேற்கத் தக்கதே.

பணத்தால் அளக்க இயலாத இழப்புகளும் உள. தஞ்சோங் பகாரின் தமிழ் முஸ்லிம்கள் தீவெங்கும் சிதறினர். தமிழ்ப் பள்ளிகளில் மாணவர் குறைந்தனர். ஆங்கிலக் கல்வியின் ஈர்ப்பே இதற்கு முதற்காரணம் எனினும், குடியிருப்பு கலைந்ததும் துணைக்காரணமாயிற்று. உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அப்பெயர் பின்னர் தமிழ் மொழி நிலையத்தில் நிலைபெற்றது. மேலும், தமிழ் முஸ்லிம் ஒருவர் மார்க்கத்தால் மலாயரோடு ஒன்றுபட்டும், வரம்புக் கணக்கில் இந்தியராகவே எண்ணப்படுகின்றார். மனிதனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்கள் உண்டு என்பதை விழுக்காட்டு விதி அறியாது. சிறுபான்மையர் எங்கும் ஒன்றுதிரளாமற் போவதால் அவர்தம் அரசியல் வலிமை குன்றும் என்னும் திறனாய்வும் புறக்கணிக்கத் தக்கதன்று. 1988இல் கொண்டுவரப்பட்ட குழுத்தொகுதி முறை சிறுபான்மை உறுப்பினருக்கு இடம் உறுதி செய்கின்றது. ஆயினும் ஸியாதின் கூஃபா இங்கே நினைவுக்கு வராமலிராது.

கலப்பை வளர்ப்பவை

இத்தனை குறைகளுக்கிடையிலும் இக்கொள்கை நிலைத்ததற்குக் காரணம், அது மக்களின் இயல்புக்கு முற்றிலும் மாறாக இல்லை என்பதே. பொருளியலறிஞர் மெய்சி வோங் 2013இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் கருதத் தக்கது. சிங்கப்பூர் மக்கள் தம் இனத்தார் சிலரேனும் அருகில் இருக்க வேண்டுமென விழைகின்றனர். ஆனால் போதிய அளவு தம்மவர் இருந்துவிட்டால், அடுத்த அயலவர் வேற்றினத்தவராக இருப்பதையே விரும்புகின்றனர் என அவர் கண்டார். தனிமையின் அச்சமே பிரிவினையின் வேர் எனில், அவ்வச்சத்தைப் போக்குவதே கலப்பின் தொடக்கமாகும்.

இதைச் சிங்கப்பூர் முஸ்லிம்கள் செயலில் காட்டினர். கம்போங்குகள் அகற்றப்பட்டபோது அங்கிருந்த சிறு தொழுகையிடங்களும் மறைந்தன. புதிய நகரில் பள்ளிவாசல் இல்லையேல் முஸ்லிம்கள் அங்கே வேரூன்றத் தயங்குவர். 1968இல் தோன்றிய சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம், 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதியைத் தொடங்கியது. முஸ்லிம் தொழிலாளரின் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் 50 காசு என்னும் சிறு தொகை, மத்திய சேமநிதியின் வழியாகத் திரட்டப்பட்டது. அந்நிதியால் எழுந்த முதற் பள்ளிவாசல் 1977இல் தோ பாயோவில் திறக்கப்பெற்றது. ‘முஹாஜிரீன்’ என்பது அதன் பெயர். வீடு மாறி வந்தோருக்கு அதனினும் பொருத்தமான பெயர் ஏது? அங்கே மலாயரும் தமிழரும் ஒரே வரிசையில் நின்றனர். பழைய நகரின் ஜாமிஆ சூலியா முதலிய பள்ளிகளோ, தமிழில் ஜும்ஆப் பேருரையைத் தொடர்ந்து வழங்கி, சிதறிய தமிழ் முஸ்லிம்களை வெள்ளிதோறும் ஒன்றுகூட்டுகின்றன. அண்டையில் ஒரு பொதுப் பள்ளிவாசல், தொலைவில் ஒரு தாய்மொழிப் பள்ளிவாசல் என்னும் இவ்விரட்டை ஏற்பாடே, கலந்து வாழ்ந்தும் கரைந்துபோகாமலிருக்க அவர்களுக்குத் துணைசெய்தது.

ஏனைய பொதுவிடங்களும் இப்பணியைச் செய்தன. அடுக்குமாடிகளின் திறந்த கீழ்த்தளத்தில் ஒருநாள் மலாயரின் திருமணம், மற்றொருநாள் சீனரின் இறுதிச்சடங்கு. அரசுப் பள்ளிகள், உணவங்காடிகள், ஆண் இளைஞர் ஆற்றும் தேசிய சேவை ஆகியவை வெவ்வேறு இனத்தாரை மீண்டும் மீண்டும் சந்திக்க வைத்தன. சுவர் ஒட்டியிருப்பதால் மட்டும் நட்பு விளைந்துவிடாது. சமநிலையில், ஒரே தேவைக்காக, அடிக்கடி சந்திக்கும்போதே அறிமுகம் உறவாகின்றது.

ஆக, இனவாரிக் குடியிருப்புகள் ஆணையால் தோன்றலாம். அச்சத்தாலும் பழக்கத்தாலும் சொத்துரிமையாலும் அவை நிலைக்கின்றன. அவற்றைக் கலைக்கத் தடைநீக்கம், யாவரும் வாங்கத்தக்க தரமான வீடு, பெரும்பான்மையையும் கட்டுப்படுத்தும் பொதுவிதி, சிறுபான்மையரின் வழிபாட்டுக்கும் மொழிக்கும் உறுதி, செலவைச் சமமாகப் பகிரும் நீதி ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றுள் இறுதியானதையே ஆட்சியாளர் எளிதில் மறக்கின்றனர்.

மனிதரைப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் படைத்ததன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்று திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் உணர்த்துகின்றது. வேறுபாடு அழியவேண்டும் என்று அங்கே கூறப்படவில்லை. அறிமுகம் வேண்டும் என்றே கூறப்படுகின்றது. அண்டைவீட்டாரின் உரிமையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியபோதும், அவர் எக்குலத்தவர் என்னும் நிபந்தனையை விதிக்கவில்லை. அவ்வுரிமையை நிறைவேற்ற வேண்டுமாயின் முதலில் அண்டையில் ஒருவர் குடிவர வேண்டும். அவர் வரும்போது நாம் வீட்டை விற்றுவிட்டுப் போகாதிருக்க வேண்டும்.